புள்ளி

சிவகங்கையிலிருந்து வந்தவர்
முதலில் சுவரைத்தான் பார்த்தார்.
சட்டம் போட்ட பதிவுச் சான்றிதழ்,
ஐந்தாண்டுக் காலம், கோபுர முத்திரை.
"கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது."
எல்லாம் சரி.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பெயிண்ட் கடை மாடியில்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
அரசாங்கத்துக்கு இந்த அறையைத் தெரியும்.
ஸ்கேன் மெஷினின் வரிசை எண்,
மேஜை எந்த மூலை என்பதுவரை.

"நீங்க டாக்டரா?"
இல்லை.
"நர்ஸ்?"
இல்லை சார், மரபணு ஆலோசகர்.
நிர்மலா சகாயம். எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷப் பயிற்சி.
உட்கார இடம் தேடும் ஈயாய்
படிவத்தின்மேல் அலைந்தது பேனா.
கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் இறங்கியது.
ஆயாவும் நானும் ஒரே கட்டம்.
வருத்தமில்லை.
அவள் துடைத்தது சுத்தமா என்று உடனே தெரியும்.
நான் சொன்னது சரியா என்று தெரிய
வருஷங்கள் ஆகும்.

கூடப் படித்த ஹஸீனா அமெரிக்காவில் இருக்கிறாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை, அந்த மாநிலத்தின் லைசென்ஸ்.
இந்தப் பக்கம் வீடு, இங்கே அப்படியொரு சட்டமே இல்லை.
"காலையில் பாலத்தில் மாட்டிக்கொள்கிறேன்,
சாயங்காலம் பாலத்திலேயே கழற்றிவிடுகிறேன்"
என்று போனில் சிரிப்பாள்.
எங்களுக்குக் கண்மாய்தானடி என்பேன்.
ஆணையம் வரும், வரும் என்கிறார்கள்.

நான் வரையும் படத்தில்
ஆண் சதுரம், பெண் வட்டம்.
தான் நோகாமல் நோயைச் சுமப்பவள்
வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

தேனம்மை புதுவயலிலிருந்து வந்தாள்,
கையில் கல்யாணப் பத்திரிகை.
அண்ணன் தசை கரைந்து பதினேழில் போனவன்.
"நானும் அந்தப் புள்ளியா?"
ரத்தம் எடுத்து அனுப்பினோம்.
ஒன்றுமில்லை என்று வந்தது.
பயமில்லை என்றேன்.
தையில் கல்யாணம்.
கோயில் ஏட்டில் அவளும் அவனும்
ஒரு புள்ளியானார்கள், வரி கட்டினார்கள்.

அந்தச் சோதனை
பத்தி பத்தியாய்த் தொலைந்ததை மட்டுமே தேடும்.
ஓர் ஒற்றின் தலையிலிருந்து
புள்ளி உதிர்ந்திருந்தால் அதற்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
பாடத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதினேன்.
அன்று அவள் ஏழாவது ஆள், கரண்ட் வேறு இல்லை.
இதெல்லாம் காரணமா?

நாலு வயதுப் பையனோடு திரும்பி வந்தாள்.
தரையில் உட்கார்ந்திருந்தவன்
எழும்போது தன் தொடையையே பிடித்து
தன்மேலேயே ஏறி நின்றான்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

திட்டவில்லை.
"இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"
பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்
என்பதுபோலத்தான் கேட்டாள்.
டாக்டருக்குக் கவுன்சில் இருக்கிறது, வக்கீலுக்கு இருக்கிறது,
ஆட்டோக்காரருக்கு ஆர்.டி.ஓ.
இட்லிக் கடைக்குக்கூட ஓர் அதிகாரி வருகிறார்.
தாளை எடுத்து
அனுப்புநர் என்று எழுதி அவள் பெயரை எழுதினேன்.
பெறுநர் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே
மின்விசிறிதான் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

இறங்கும்போது சிவகங்கைக்காரர் கேட்டார்:
"உங்களுக்கு எதுக்கும்மா லைசென்ஸ்?
நல்லாத்தானே போகுது?"
மாட்டிக்கொள்ள இல்லை சார்,
தப்பு செய்தால் யாராவது வந்து
கழற்றிக்கொண்டு போக
என்று சொல்வதற்குள்
அவர் பைக் கிளம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் தேனம்மை வருகிறாள்.
பத்தொன்பது படி. அவனால் ஏற முடியாது.
நான் இறங்கிப் போகிறேன்.
பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
சட்டப்படி இங்கே ஆலோசனை சொல்லக்கூடாது,
பதிவான இடம் மேலேதான்.
பையன் கலர் அட்டையைப் புரட்டி
ஒவ்வொரு மஞ்சளுக்கும் பெயர் கேட்கிறான்.
தேனம்மை தன் தங்கையைக் கூட்டி வந்திருக்கிறாள்.
புதிதாக ஒரு வட்டம் வரைகிறேன்.
உள்ளே எதுவும் வைக்காமல்
வந்த ரிப்போர்ட்டை
முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கிறேன்.